பெயர் தைத்த போர்வை

எனக்கு வந்தது காசநோய். எங்கள் பக்கத்தில் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நெஞ்சுச்சளி என்பார்கள், உடம்பு இளைப்பு என்பார்கள். நான் சொல்லிவிடுவேன். காசநோயாகவே இருக்கட்டும் ஆண்டவரே என்று, முழங்கால் போட முடியாமல் படுத்த படுக்கையிலேயே எட்டு நாள் மன்றாடிக் கேட்டு வாங்கிய நோய் அது. கேட்டு வாங்கியதை மறைப்பானேன்.

இப்போது மாத்திரை எல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் எழுதிவைக்கிறேன். போர்வை விஷயமும் இதில் வரும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும்.

நான் திருச்சுழியில் சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பெயர் ஜெயமணி. வீட்டுக்காரர் தங்கராஜ் அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். அதிகம் பேச மாட்டார், அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன் என்பது அவருடைய கட்சி. எங்கள் சபை மாதர் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாக நான்தான் காரியதரிசி. போர்வை கொடுக்கிற வேலை என் பொறுப்பு.

இரண்டு பழைய நூல் சேலையை மடித்து நாலு அடுக்காக விரித்து, ஓரத்தை உள்ளே தள்ளி, முழுக்க நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் ஒரு போர்வை. வியாழக்கிழமை சாயங்காலங்களில் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து தைப்போம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மூட்டை கட்டி, காரியாபட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். முதல் இரண்டு வருஷம் சேலையே சேரவில்லை. நல்ல சேலையை யார் கொடுப்பார்கள்? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் கோயிலில் ஃபேனுக்கு மூன்று இறக்கை இருந்தால் மூன்றிலும் பெயர் இருக்கும். சுவர்க் கடிகாரத்தில் மணி தெரிகிறதோ இல்லையோ, யார் நினைவாக என்பது தெரியும். போர்வைக்கு மட்டும் என்ன குறை என்று நினைத்தேன். இறந்தவர்களின் சேலையைக் கொடுங்கள், ஓரத்தில் சிவப்பு நூலில் பெயர் தைத்துத் தருகிறோம் என்று ஆராதனை முடிந்ததும் எழுந்து அறிவித்தேன். மறுவாரமே கூடம் நிறைந்துவிட்டது. பெட்டியில் பூட்டிவைத்து, எடுக்கவும் மனசில்லாமல் கொடுக்கவும் மனசில்லாமல் இருந்த சேலைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. எழுத்தை நானே சங்கிலித் தையலில் போடுவேன். 'மறைந்த' இன்னார் 'நினைவாக'. வேறு யாராவது போட்டால் 'றை' சரியாக வராது.

வருஷாவருஷம் ஆஸ்பத்திரி ஆபீஸ் ரூமில் மூட்டையை ஒப்படைத்து, டீ குடித்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். வார்டுக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

இனி நோய். முதலில் சாயங்காலக் காய்ச்சல். அப்புறம் வறட்டு இருமல். கரும்பலகையில் மேலே எழுதக் கையைத் தூக்கினால் வலது விலாவில் கத்தியை வைத்தது போல வலி. அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர் வாயுப்பிடிப்பு என்றார். மூன்று வாரம் அதற்கு மாத்திரை சாப்பிட்டேன். மாடிப்படி இல்லாத ஊரில் எனக்கு வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது. இன்னொரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும், நீர் வெள்ளையாகத் தெரியும். எனக்கு இடது பக்கம் கறுப்பாக இருந்தது. வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு, அதற்குள் நீர் கோத்திருக்கிறது, உடனே படுக்க வேண்டும் என்று அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கே சீட்டு எழுதிக் கொடுத்தார். தங்கராஜ் எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஆள் நெருக்கும்போதெல்லாம் என்னை விட்டுவிட்டுக் கவரைத்தான் பாதுகாத்தார்.

காத்திருக்கிற இடத்தில் மர பெஞ்சு, ஒரு எடை பார்க்கும் மெஷின், சுவரில் வசன அட்டை. போர்வை மூட்டையோடு வரும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்லும் ஆபீஸ்காரர் என்னைக் கடந்து போனார், அடையாளம் தெரியவில்லை. எட்டுக் கிலோ குறைந்திருந்தேன், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நீர் எடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, சாய்மானத்தின் மேல் கைகளை மடித்துத் தலையைக் கவிழ்க்கச் சொல்வார்கள். முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக ஒரு ஊசி போடுவார்கள். அப்புறம் பெரிய ஊசி. வலி பெரிதில்லை, உள்ளே ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கும். இருமக்கூடாது. இருமக்கூடாது என்றதும் இருமல்தான் வரும். முக்கால் லிட்டருக்குப் பக்கம் வந்தது, வெளிறிய நல்லெண்ணெய் நிறத்தில். இத்தனையும் சுமந்துகொண்டா வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் அம்மாவிடம் எதனால் இந்த நீர் என்று கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அவர் சொன்னார்: "ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு டி.பி. அதுன்னா மருந்து சாப்பிட்டு முழுசாக் குணமாயிருவீங்க. இன்னொண்ணு புற்று. நீரை மதுரைக்கு அனுப்பியிருக்கோம். எட்டு நாள் ஆகும்." தங்கராஜ் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

அன்று மதியம் அவர் ஊருக்குக் கிளம்பின பிறகு எனக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்துப் போகிற குளிர். வார்டு நர்ஸ் ரோஸ்லின் சிஸ்டர் ஓடிப்போய் ஸ்டோர் ரூமில் கைக்கு அகப்பட்டதில் கனமாக ஒன்றைக் கொண்டுவந்து கழுத்துவரை இழுத்துப் போர்த்தினார். கதகதப்பாக இருந்தது. வெளிர் நீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. அட, நம்ம போர்வை என்று தோன்றியது. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் மோவாய்க்குக் கீழே சிவப்பு எழுத்து தெரிந்தது.

மறைந்த கிரேஸ் நினைவாக.

அந்த 'மறைந்த' என்ற வார்த்தையை ஏழு வருஷமாகத் தைத்திருக்கிறேன். வாசித்தது அன்றைக்குத்தான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு 'மறைந்த ஜெயமணி' என்று யாராவது தைப்பார்கள், 'றை' கோணலாக இருக்கும் என்று மனசு ஓடியது. எவ்வளவு நூல் பிடிக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டது. நடுக்கத்தோடு நடுக்கமாகக் காலால் போர்வையை உதைத்துக் கீழே தள்ளிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. "டீச்சரம்மா, நீங்களுமா?"

அவள் முனியம்மா. திருச்சுழிக்கு மேற்கே ஒரு கிராமம். கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவள், என் வயதுதான் இருக்கும். எங்கள் பக்கத்துத் தண்ணீருக்குச் சிறுநீரகத்தில் கல் வருவது சாதாரணம். அவளுக்குக் கல் அடைத்துச் சீழ் வைத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்குவாள். காய்ச்சல் இறங்கினால்தான் ஆபரேஷன் என்று போட்டுவைத்திருந்தார்கள்.

"உங்க கோயில்காரவுக குடுத்ததுன்னு சிஸ்டர் சொன்னாக. நல்ல மனசுதேன்," என்றாள். "ஆனா செத்தவுக பேரப் போட்டுக் குடுத்தா சீக்காளி எப்பிடிம்மா போத்துவா? வா, வான்னு கூப்பிடுற மாதிரில்ல இருக்கு."

"உனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் என்னை நீங்க என்பாள், நான் நீ என்றேன். வாத்தியார் பழக்கம்.

"எனக்கு எங்கிட்டுத் தெரியும்? முந்தி அந்தக் கட்டில்ல கெடந்தவுக வாசிச்சுச் சொன்னாக. அதுக்கப்புறம் இந்த வார்டுல ஒருத்தரும் தொடுறதில்ல."

சாயங்காலம் ரோஸ்லின் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வருஷப் போர்வை எங்கே என்று கேட்டேன். சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்றுதான் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்றார். நான் விடவில்லை.

"பாதி ஸ்டோர் ரூம்ல அடுக்கி இருக்கு டீச்சர். கொஞ்சம் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அடியில போட்டிருக்கோம், தரை உடையாம இருக்க. மீதி, யாராவது தவறிட்டா சுத்தி அனுப்புறதுக்கு." என் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "அதுக்கு மட்டும் யாரும் வேண்டாம்னு சொல்றதில்ல," என்றார்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சிஸ்டரிடம் வெந்நீர் ஆறிப்போய்விட்டது என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் போய் மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்தார்.

எட்டு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். காலையில் காய்ச்சல் பார்ப்பார்கள், மூன்று நாள் சளி எடுத்துப் பார்த்தார்கள், அதில் கிருமி இல்லை. மற்ற நேரமெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு, டி.பி.யாக இருக்கட்டும், டி.பி.யாக இருக்கட்டும் என்று கிடந்தேன். தங்கராஜ் ஷிப்டு முடிந்து பஸ் பிடித்துத் தினமும் வந்தார். அவர் வைக்கிற ரசத்தில் உப்பு ஒரு நாள் இருக்காது, ஒரு நாள் ரசமே உப்பாக இருக்கும். எனக்குத் தலை வாரிவிட்டார். பின்னல் போடத் தெரியாமல் இரண்டாகப் பிரித்து முறுக்கிவிட்டார். வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவந்தார். பில் பற்றி நான் எழுதப்போவதில்லை. வந்தது, கட்டினோம்.

எனக்குக் கம்பளி வந்துவிட்டது. முனியம்மாவுக்கு வர ஆள் இல்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவாள். ஆஸ்பத்திரியின் இரண்டு மெல்லிய விரிப்புகளைச் சுற்றிக்கொண்டு, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவள் தினமும் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் படுத்திருந்தேன். பத்தடி தூரத்தில் ஸ்டோர் ரூம். உள்ளே நான் தைத்த போர்வைகள். நாலாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. தங்கராஜிடம் பாதி பிளேடு கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்துவந்தார்.

அவர் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார், நான் கிரேஸின் பெயரைப் பிரித்தேன். மூச்சு வாங்கியது. ஒரு எழுத்துக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திப் பிரித்தேன். நூல் எல்லாம் வந்த பிறகும் ஊசித் துளைகள் அப்படியே நின்றன. சிவப்பு போய்விட்டது, எழுத்து போகவில்லை.

"இன்னும் வாசிக்கலாம் போல இருக்கே," என்றார் அவர். அன்று அவர் பேசியது அதுதான்.

ரோஸ்லின் சிஸ்டர் துவைக்கப் போட்டார். வெந்நீரில் அலசிக் காய்ந்து வந்தபோது நூல் சேலை இறுகித் துளைகள் மூடியிருந்தன. நான் எழுந்து மெல்ல நடந்து, அதை முனியம்மாவிடம் நீட்டினேன். பெயர் இல்லை, பார் என்றேன்.

அவள் தொடவில்லை. "பேரப் பிரிச்சுட்டா ஆளு போயிருவாகளா டீச்சரம்மா? சேல அவுக சேலதான?"

"அப்ப நடுங்கிக்கிட்டே கெட," என்று சொல்லிவிட்டு என் கட்டிலில் வந்து விழுந்தேன். நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது? நானும் நோயாளிதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "யாரு அது, கிரேசு?"

சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற எஸ்தரக்காவின் மகள். என்னிடம்தான் மூன்றாம் வகுப்பு படித்தாள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். ஒன்றுக்குப் போகிறேன் என்று வெளியே போய் ரோட்டில் பஸ் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாய் பெரிய வாய், ஆனால் எருமை மாட்டைக் கண்டால் அலறிக்கொண்டு ஓடிவந்து என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். வளர்ந்து டீச்சர் டிரெயினிங் சேர்ந்தபோது எடுத்த சேலை இது. அதைக் கட்டிக்கொண்டு முதலில் என்னிடம்தான் காட்ட வந்தாள். "டீச்சர், நானும் டீச்சர்" என்றாள்.

எப்படிச் செத்தாள் என்று முனியம்மா கேட்கவில்லை. "கழுத, எருமைக்கா பயந்துச்சு?" என்றாள். தனக்குத்தானே சிரித்தாள். அப்புறம் கையை நீட்டினாள். "குடுங்க இங்கிட்டு. இன்னாருன்னு தெரிஞ்சா என்ன பயம்?"

எட்டாம் நாள் டாக்டர் அம்மா வந்தார். நீரில் புற்று அணுக்கள் இல்லை, காசநோய்தான், ஒன்பது மாதம் மருந்து என்றார். "முனியம்மா, எனக்கு டி.பி." என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். எதிர்க்கட்டில் அம்மா தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தள்ளிவைத்துக்கொண்டார். சளியில் கிருமி இல்லை, பரவாது என்று டாக்டர் அம்மா வார்டுக்கே கேட்கிற மாதிரி விளக்கினார். அன்று சாயங்காலம் சேதி கேட்ட தங்கராஜ் வராண்டாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அவர் மேல் இத்தனை பிரியம் இருப்பதும் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தினமும் இடுப்பில் ஊசி. மாத்திரையில் ஒன்று சிறுநீரைச் செம்மண் தண்ணீர் நிறமாக்கிவிடும், முன்னாலேயே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்துவிடுவீர்கள். நான் பயந்தேன்.

முடிவில் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் நாங்கள் பெயர் தைப்பதை நிறுத்திவிட்டோம். இரண்டு குடும்பம் சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டது. ஒரு அம்மாள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஸ்டோர் ரூமில் இருந்ததை எல்லாம் சங்கத்தார் நாலு பேர் போய் உட்கார்ந்து பிரித்தார்கள். இப்போது மூட்டையை ஆபீஸ் ரூமில் வைப்பதில்லை. சேலை கொடுத்த வீட்டுக்காரர்களே வார்டுக்குள் போய், இது இன்னாருடையது, அவர் இப்படிப்பட்டவர் என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. வாங்கிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நான் யோசித்துச் செய்த ஏற்பாடு என்று சபையில் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. நடந்தது இது.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எஸ்தரக்கா என்னைப் பார்க்க வந்தார். பையில் ஆறு நாட்டுக்கோழி முட்டை அவித்துக் கொண்டுவந்திருந்தார். அவரைக் கண்டதும் நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் முனியம்மா அந்த நீலப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கண்ணயர்ந்திருந்தாள்.

எஸ்தரக்கா பார்த்துவிட்டார். போய்க் குனிந்து, ஒரு ஓரத்தைப் புரட்டினார். அப்புறம் அடுத்த ஓரம். நாலு மூலையும் பார்த்தார்.

"நான்தான் பிரிச்சேன்க்கா," என்றேன். பெயரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், போர்த்த மாட்டேன் என்கிறார்கள், நானே உதைத்துத் தள்ளினேன் என்று என்னென்னவோ சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாத எனக்கு அன்று ஒரு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை.

எஸ்தரக்கா சத்தம் போடவில்லை. "நமக்கப்புறம் அவ பேரச் சொல்ல யாரு இருக்கா டீச்சர்? முகம் தெரியாதவுக யாராவது ஒரு நாளாவது வாசிப்பாகன்னுதான குடுத்தேன்," என்றார். "உங்கள நம்பித்தான குடுத்தேன்."

அவர் முட்டைப் பையை என் கட்டிலில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினார்.

அந்தப் பேச்சில் முனியம்மா முழித்துக்கொண்டாள். யாரோ ஒரு அம்மா தன் போர்வையைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக நினைத்திருக்க வேண்டும்.

"என்னக்கா பாக்குறீக? சேல நல்லாருக்குல்ல?" என்றாள். "இது கிரேசு சேல. டீச்சருக்குப் படிச்ச புள்ள. பெரிய வாயாடியாம், ஒரு எடத்துல இருக்காதாம். ஆனா பாருங்க, எரும மாட்டக் கண்டா அலறிக்கிட்டு ஓடுமாம். எனக்குக் குளிரு வந்தா அந்தப் புள்ளயத்தேன் நெனச்சுச் சிரிச்சுக்கிட்டுக் கெடப்பேன்."

எஸ்தரக்கா அப்படியே நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வார்டில் யாரோ எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டார்கள்.

"எரும இல்ல," என்றார் எஸ்தரக்கா.

"என்னக்கா?"

"எருமைக்கெல்லாம் எங்க கிரேசு பயப்பட மாட்டா. எரும மேல ஏறி உக்காந்து வருவா. அவ பயந்தது வான்கோழிக்கு. பாஸ்டர் வீட்டுல வளத்தாக, பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துரும். டீச்சர் தப்பாச் சொல்லியிருக்காக."

"வான்கோழிக்கா?" முனியம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்திருக்கும், ஆனாலும் சிரித்தாள்.

எஸ்தரக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெளியே தெரிந்த முனியம்மாவின் பாதத்தைப் போர்வையால் இழுத்து மூடினார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அந்த வான்கோழி எந்த வாசல் வழியாக வந்தது, கிரேஸ் எந்த ஜன்னலில் ஏறினாள் என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். திருச்சுழி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.